சென்னையில் திருட்டு கூடிவிட்டதா, எங்கள் தெருவுக்கு மட்டும்தான் நேரம் சரியில்லையா?

கோலமாவு கேட்கிறார்:

எங்கள் தெருவில் மிஞ்சிப்போனால் 40 வீடு. தென்சென்னை, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே மூன்றாவது குறுக்குத்தெரு, ஏரியா பெயர் வேண்டாம். இரண்டரை மாதத்தில் மூன்று சம்பவம் ஆகிவிட்டது.

முதலில் எதிர்வீட்டு மாமி. காலை ஆறு மணி இருக்கும், கோலம் போட்டு முடித்து மாவு டப்பாவோடு நிமிர்ந்திருக்கிறார், பைக்கில் வந்த இரண்டு பேரில் பின்னால் இருந்தவன் வழி கேட்கிற மாதிரி குனிந்து செயினைப் பிடித்து இழுத்துவிட்டான். மாமி விடவில்லை. பாதி அவன் கையோடு போனது, பாதி ஜாக்கெட்டுக்குள் விழுந்து கிடந்தது. கழுத்தைச் சுற்றி ஒரு வாரத்துக்கு, கயிறு போட்டு இறுக்கின மாதிரி சிவப்புத் தழும்பு. கோலத்தின் மேல் டயர் தடம், அதை மத்தியானம் வரை யாரும் மிதிக்காமல் சுற்றிப் போனோம், ஏதோ அதை வைத்து ஆளைப் பிடித்துவிடப் போகிற மாதிரி.

அடுத்தது முனை அபார்ட்மென்டில் முதல் மாடி. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்காகச் சாவியை வாசலில் ஷூ ஸ்டாண்டில் ஒரு பழைய ஷூவுக்குள் போட்டுவிட்டுப் போவார்கள். வந்தவன் பட்டப்பகலில் அதே சாவியால் திறந்து, பீரோவில் இருந்ததை எடுத்துக்கொண்டு, திரும்பப் பூட்டி, சாவியை அதே ஷூவுக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்! மூன்று நாள் கழித்து ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போதுதான் அவர்களுக்கே தெரிந்தது.

மூன்றாவது எங்கள் வீடு. அப்பாவின் ஸ்ப்ளெண்டர், பதினோரு வருட வண்டி. காம்பவுண்டுக்குள் கார் நிற்பதால் அது எப்போதும் வெளியேதான் நிற்கும். சைடு லாக் போட்டிருந்தது. காலையில் வண்டி நின்ற இடத்தில் ஆயில் கறை மட்டும் இருந்தது.

ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன். சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து, தேடுகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள், அதோடு 16 நாள் ஆகிறது. ஆனால் பேப்பரில் பார்த்தால் குற்றம் குறைந்திருக்கிறது என்றுதான் வருகிறது. எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: நிஜமாகவே கூடியிருக்கிறதா? இதில் ஏதாவது ஒரு ஒழுங்கு இருக்கிறதா, அதாவது இந்த நேரம், இந்த மாதிரி தெரு, இந்த மாதிரி பொருள் என்று? வண்டி கிடைக்குமா என்று கேட்கவில்லை, அப்பா மட்டும்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பழைய ரைட்டர் எழுதுகிறார்:

அம்மா, நான் 22 வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் புகார், வழக்குகளை எழுதிப் பதிகிற ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிற தகுதி கொஞ்சம் உண்டு என்று நினைக்கிறேன்.

பேப்பரில் வருவது திருட்டின் எண்ணிக்கை இல்லை, எப்.ஐ.ஆரின் எண்ணிக்கை. இரண்டுக்கும் நடுவில் ஒரு நோட்டு இருக்கிறது, அதன் பெயர்தான் சி.எஸ்.ஆர். உங்கள் கையில் இருப்பது புகார் வந்தது என்பதற்கான ரசீது மட்டும், வழக்குப் பதிவு இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் போடுகிற புத்தகத்தில் உங்கள் ஸ்ப்ளெண்டர் இப்போதைக்கு இல்லவே இல்லை. டெல்லியில் திருட்டு ஏன் அவ்வளவு அதிகமாகத் தெரிகிறது என்று கேட்பார்கள். அங்கே வண்டி காணோம் என்றால் வீட்டிலிருந்தே இணையத்தில் எப்.ஐ.ஆர். போட்டுக்கொள்ளலாம், பல வருஷமாக இருக்கிற வசதி. பதிவு சுலபமானால் எண்ணிக்கை ஏறும். எண்ணிக்கை ஏறினால் அதிகாரிக்குத் திட்டு. மிச்சத்தை நான் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று, ‘சென்னை’ என்பதே ஒன்று இல்லை. 2022 ஜனவரியிலிருந்து சென்னை, தாம்பரம், ஆவடி என்று மூன்று போலீஸ் கமிஷனரேட். தாம்பரத்தில் பறித்தது சென்னைக் கணக்கில் வராது. மின்சார ரயிலில் போன செல்போன் இந்த மூன்றிலும் வராது, அது ரயில்வே போலீஸ் கணக்கு. படிக்கட்டில் உட்கார்ந்து போகிறவர்கள் கையைத் தண்டவாளத்து ஓரம் நின்று குச்சியால் தட்டி போனை விழவைப்பார்கள் பாருங்கள், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் ரொம்ப நாளாக நடப்பது. அப்படிப் போனை விட்டவர் லோக்கல் ஸ்டேஷனுக்கு ஓடுவார், அங்கே இது ரயில்வே கேஸ் என்பார்கள், அவர் வெறுத்துப்போய் புதுப் போன் வாங்கிக்கொள்வார். அது எந்தக் கணக்கிலும் இல்லை.

அப்புறம் சட்டமும் மாறியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. முன்பு செயின் பறிப்பை ஒரு இன்ஸ்பெக்டர் சாதாரணத் திருட்டு என்று 379-இல் போடுவார், இன்னொருவர் வழிப்பறி என்று 392-இல் போடுவார், ஆளுக்கு ஆள் மாறும். இப்போது பறிப்புக்கென்றே தனியாக 304-ஆம் பிரிவு வந்துவிட்டது, மூன்று வருஷம் வரை தண்டனை. அதனால் 2023-ஐயும் 2025-ஐயும் பக்கத்தில் வைத்துக் கூடியது, குறைந்தது என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: எப்.ஐ.ஆர். போடச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். போடவில்லை என்றால் குற்ற விசாரணை நடைமுறைக்கான புதுச் சட்டம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அதன் 173-ஆம் பிரிவின் 4-ஆவது உட்பிரிவு, அதைக் குறிப்பிட்டு துணை கமிஷனருக்குப் பதிவுத் தபால். சண்டை போட வேண்டாம். தபால் போதும். இன்சூரன்ஸ் இருந்தால் எப்.ஐ.ஆர். இல்லாமல் ஒரு ரூபாய் வராது, இரண்டு சாவியையும் கேட்பார்கள், இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.

டெலிவரி தம்பி எழுதுகிறார்:

ரைட்டர் சார் சொன்னது பேப்பர் கணக்கு, நான் ரோட்டுக் கணக்கு சொல்கிறேன், நாலு வருடமாக இந்த ஊரில் சாப்பாடு டெலிவரி பண்ணுகிறேன், ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டராவது ஓட்டுவேன், எந்தத் தெரு எத்தனை மணிக்கு எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன்.

அக்கா, உங்கள் தெருவைப் பார்க்காமலே சொல்கிறேன், முட்டுச்சந்து இல்லை, இந்தப் பக்கம் நுழைந்தால் அந்தப் பக்கம் மெயின் ரோட்டுக்கு வெளியே வந்துவிடலாம், சரிதானே? செயின் பறிக்கிறவனுக்கு வேண்டியது அதுதான். பறிப்பதற்கு அஞ்சு விநாடி, சிக்னல் இல்லாத மெயின் ரோட்டுக்கு அரை நிமிடம். நேரம் காலை அஞ்சரையிலிருந்து ஏழு, கோலம் போடுகிறவர்கள், வாக்கிங் போகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள், ரோடு காலி. பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை வீடு. ராத்திரி ரெண்டிலிருந்து நாலு வரை வண்டி. உங்கள் தெருவில் மூன்றும் அந்தந்த நேரத்தில்தான் நடந்திருக்கும், மூன்றும் வேறு வேறு ஆளாகவும் இருக்கும்.

சைடு லாக்கைப் பற்றி ஒன்று. அது பூட்டே இல்லை. ஹேண்டிலை ஒரு பக்கம் திருப்பிக் காலால் ஒரு உதை, உள்ளே இருக்கிற சின்ன கம்பி உடைந்துவிடும், சத்தம்கூடப் பெரிதாக வராது. ஸ்டார்ட் பண்ணாமல் இன்னொரு பைக்கில் இருந்தபடி காலால் தள்ளிக்கொண்டே போய்விடுவார்கள். பழைய ஸ்ப்ளெண்டருக்கு ஏன் கிராக்கி என்றால் எங்கே பார்த்தாலும் அந்த வண்டிதான், ஊரில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், பார்ட்ஸாகவும் போகும். முன்சக்கரத்துக்கு ஒரு நல்ல டிஸ்க் லாக்கோ சங்கிலியோ போட்டால் அவன் அடுத்த வண்டிக்குப் போய்விடுவான். அடுத்த வீட்டுக்காரர் பாவம்தான், என்ன செய்ய.

என் போனும் போனது, அதை ஏன் கேட்கிறீர்கள். ஹேண்டில்பாரில் மாட்டியிருந்தேன், சிக்னலில் நின்றபோது பக்கத்தில் வந்தவன் உருவிவிட்டான். நான் செய்த தப்பு, போனைத் தேடி ஓடினேன். முதலில் செய்திருக்க வேண்டியது சிம்மை பிளாக் பண்ணுவது. அவன் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு, ஓடிபி வரவழைத்து, யுபிஐயில் 8,400 ரூபாய் எடுத்துவிட்டான். போனைவிட அதுதான் வலித்தது. பணம் போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930, ஒரு மணி நேரத்துக்குள் சொன்னால் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு, நான் சொன்னது மறுநாள். சிம்முக்கு பின் நம்பர் போட்டு வையுங்கள், ரெண்டு நிமிட வேலை, செட்டிங்கில் இருக்கிறது.

அப்புறம் போன போனை முடக்க மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளம், 2023 மே மாதத்திலிருந்து நாடு முழுக்க இருக்கிறது. போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ நம்பரைக் கொடுத்தால் எந்த கம்பெனி சிம் போட்டாலும் அந்த போன் வேலை செய்யாமல் பண்ணிவிடுவார்கள். ஆனால் அதற்கு ஓடிபி வர உங்கள் பழைய நம்பரிலேயே டூப்ளிகேட் சிம் வாங்கியிருக்க வேண்டும், புகார் நகலும் வேண்டும், அதனால் இப்போதே ஸ்டார் ஹாஷ் 06 ஹாஷ் அழுத்தி வருகிற நம்பரை ஒரு பேப்பரில் எழுதி வையுங்கள். போனிலேயே சேமித்து வைத்த புத்திசாலிகளும் உண்டு, நான்தான் அது.

மயிலை வாசி எழுதுகிறார்:

எல்லாம் சரி, சொல்லக் கூடாததை நான் சொல்கிறேன். வடக்கிலிருந்து வந்து இறங்குகிறவர்களைக் கணக்கெடுத்தாலே பாதி நின்றுவிடும். 2025 மார்ச்சில் நடந்ததை மறந்துவிட்டோமா?

தமிழ்ச்செல்வி எழுதுகிறார்:

மறக்கவில்லை, நானும் திருவான்மியூர் பக்கம்தான். அன்று மார்ச் 25, சைதாப்பேட்டை, கிண்டி, அடையாறு, பெசன்ட் நகர் என்று ஒரு மணி நேரத்துக்குள் அரை டஜன் இடங்களில் செயின் பறித்தார்கள். விமானத்தில் வந்து விமானத்திலேயே கிளம்பப் பார்த்தவர்கள், இரண்டு பேரை விமான நிலையத்திலேயே பிடித்தார்கள், மூன்றாவது ஆள் ஓங்கோல் பக்கம் ரயிலில் சிக்கினார். மறுநாள் விடியற்காலையில் தரமணியில் அவர்களில் ஒருவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அது செய்தியானதற்குக் காரணமே அது வழக்கமான ஒன்று இல்லை என்பதுதான். காலை டிபன் நேரத்துக்குள் விமானம் பிடிக்கிறவன் கோலமாவு வீட்டுப் பதினோரு வருட ஸ்ப்ளெண்டருக்கு வரமாட்டான். ஷூவுக்குள் சாவி இருக்கிறது என்று பீகாரிலிருந்து வந்து இறங்குகிறவனுக்கு எப்படித் தெரியும்? அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

இந்தப் பேச்சு புதிதும் இல்லை. 2012-இல் பெருங்குடியிலும் கீழ்க்கட்டளையிலும் வங்கியில் கொள்ளை, அப்புறம் வேளச்சேரியில் ஒரே வீட்டில் ஐந்து பேரை, கொள்ளையடித்தவர்கள் என்று சொல்லிப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதற்கடுத்த வாரங்களில் வாடகைக்கு இருப்பவர்கள் விவரத்தை ஸ்டேஷனில் கொடு என்று உத்தரவு, இந்தி பேசுகிற பையன்களுக்கு வீடு கிடைக்கவில்லை. என்னோடு வேலை பார்த்த ஒரிசாக்காரர் ஒருவர் மூன்று மாதம் ஆபீஸ் கெஸ்ட் ஹவுஸில் இருந்தார்.

நமக்கே இது நடந்திருக்கிறது. 1871-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம், பிறந்த சாதியை வைத்தே ஒருவனைத் திருடன் என்று எழுதிவைத்தது, ரேகை வைக்கச் சொன்னது. அதை எதிர்த்துத்தான் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் ஜனங்கள் குண்டடிபட்டுச் செத்தார்கள். என் தாத்தா காலத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் மதுரை டவுனுக்குப் போனால் இதே பார்வைதான் பார்ப்பார்களாம். சரி, தலைப்பை விட்டுப் போகிறேன், நிறுத்திக்கொள்கிறேன்.

உரைகல் எழுதுகிறார்:

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக அடகுக்கடை, அதனால் என்னையும் சந்தேகப்படுவீர்கள், பரவாயில்லை. யார் திருடுகிறான் என்று கேட்பதைவிட யார் வாங்குகிறான் என்று கேட்டால் எல்லாம் புரியும்.

2020 தொடக்கத்தில் சவரன் 30 ஆயிரம் சுமாருக்கு இருந்தது. 2025 அக்டோபரில் 90 ஆயிரத்தைத் தாண்டியது. மாமியின் கழுத்தில் போனது பாதிச் செயின்தான் என்கிறீர்கள், இரண்டு சவரன் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தாறு வருடத்துக்கு முன்பு முழு ஐந்து சவரன் செயினை அறுத்தால் கிடைத்ததைவிட இது அதிகம். ஒருவன் பத்துச் செயின் அறுக்க வேண்டிய இடத்தில் மூன்று போதும் என்று ஆகிவிட்டது. எண்ணிக்கை குறைந்தது என்று போலீஸ் சொல்வதும் உண்மையாக இருக்கலாம், போன தொகை கூடியிருப்பதும் உண்மையாக இருக்கலாம்.

ஆனால் திருடனுக்கு அந்த 90 ஆயிரம் கிடைக்காது. பில் இல்லாமல், அறுந்த செயினோடு வருகிறவனை ஒழுங்கான கடைக்காரன் பார்த்தவுடனே கண்டுபிடிப்பான். வழக்கமாகப் போட்டுக் கழட்டுகிற செயின் கொக்கியிடம்தான் தேய்ந்திருக்கும், இழுத்து அறுத்ததில் ஏதோ ஒரு நடுக் கண்ணி நீண்டு வாய் பிளந்திருக்கும். வாங்குவதற்கென்றே இருக்கிற ஆள் பாதி விலைக்கு வாங்கி அன்று ராத்திரியே குகையில், அதாவது பொன் உருக்குகிற மண் கிண்ணத்தில், போட்டு உருக்கிவிடுவான். ஹால்மார்க்கில் இப்போது ஒவ்வொரு நகைக்கும் ஆறு எழுத்து அடையாள எண் கட்டாயம், 2023 ஏப்ரல் முதல். நல்ல விஷயம்தான், உருக்கின பிறகு எந்த எண்? அதனால்தான் ‘மீட்கப்பட்ட நகை’ என்று சில சமயம் ஒரு கட்டியைக் காட்டுகிறார்கள். மாமிக்குத் திரும்பக் கிடைத்தாலும் அவர் கல்யாணத்துக்குப் போட்ட செயினாக அது இருக்காது.

வாங்குகிறவனுக்கும் சட்டத்தில் தண்டனை உண்டு, பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவு. பறித்தவன் படம்தான் முகத்தை மூடிய துணியோடு டிவியில் வரும், உருக்கினவன் படத்தை நான் பார்த்த ஞாபகம் இல்லை.

கேமரா பற்றி யாரும் சொல்லவில்லையே. விஸ்வநாதன் கமிஷனராக இருந்த காலத்தில் ‘மூன்றாவது கண்’ என்று தெருவுக்குத் தெரு கேமரா வைக்கச் சொன்னார்கள், எங்கள் கடைத்தெருவிலும் நாங்கள் காசு போட்டு வைத்தோம். உண்மையிலேயே பயன் இருந்தது, அந்தச் சமயம் செயின் பறிப்பு நன்றாகக் குறைந்தது. இப்போது போய்ப் பாருங்கள், எங்கள் தெருவில் வைத்த எட்டில் மூன்றுதான் ஓடுகிறது, ஒன்றின் மேல் சிலந்தி கூடு கட்டி ராத்திரி முழுக்க அது மட்டும்தான் தெரிகிறது. வைக்கும்போது விழா எடுத்தோம், வருடாந்திரப் பராமரிப்புக்கு யார் பணம் கொடுப்பது என்று பேசவே இல்லை.

கோலமாவு மறுபடியும் எழுதுகிறார்:

எல்லாருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து வந்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ரைட்டர் சார், பதிவுத் தபால் அனுப்பிய நான்காம் நாள் ஸ்டேஷனிலிருந்து அவர்களே கூப்பிட்டு எப்.ஐ.ஆர். போட்டார்கள். தேதியைத் தபாலுக்கு அடுத்த நாளாகப் போட்டுக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டார். முடியாது என்றேன். அப்பா பக்கத்தில் நின்று என் கையைக் கிள்ளினார், பெரியவர்களிடம் அப்படிப் பேசக் கூடாதாம்.

தம்பி, நீங்கள் சொன்னது சரிதான், எங்கள் தெரு இரண்டு பக்கமும் திறந்தது. முட்டுச்சந்தான பக்கத்துத் தெருவில் விசாரித்தேன், இந்த வருடம் ஒன்றுகூட இல்லையாம். இருபது வருடமாக அந்தத் தெருவில் வீடு வாங்காதே, வண்டி திருப்ப முடியாது என்று எல்லாரும் சொல்வார்கள்.

மயிலை வாசி, முனை வீட்டுத் திருட்டில் ஆளைப் பிடித்துவிட்டார்கள். அதே அபார்ட்மென்டில் இரண்டு மாதம் முன்பு பெயின்ட் வேலைக்கு வந்தவர். நம் ஊர்க்காரர்தான்.

வண்டியும் கிடைத்துவிட்டது! ஒரு ரயில் நிலைய பார்க்கிங்கில், வேறு நம்பர் பிளேட்டோடு. சேசிஸ் நம்பரை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதை ஓட்டிக்கொண்டு போய் இரண்டு இடத்தில் செயின் பறித்திருக்கிறார்கள் என்று இன்ஸ்பெக்டர் சொன்னபோது அப்பா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், தானே பறித்த மாதிரி உட்கார்ந்திருந்தார். வழக்குச் சொத்து என்பதால் கோர்ட்டில் மனு போட்டு, ஆர்சி காட்டி, கேட்கும்போது கொண்டு வருகிறேன் என்று எழுதிக் கொடுத்துத்தான் வாங்கினோம். அதற்கு மூன்று வாரம்.

சைடு கவருக்குள் அப்பா மடித்து வைத்திருந்த மழைக்கோட்டும் பழைய துடைக்கிற துணியும் அப்படியே இருந்தன. பின் டயரை மாற்றியிருக்கிறான், எங்கள் வழுக்கை டயர் அவனுக்கே பயமாக இருந்திருக்கும் போல. பெட்ரோல் முக்கால் டேங்க். அப்பா என்றைக்கும் நூறு ரூபாய்க்கு மேல் போட்டதில்லை.

சங்கிலி ஒன்று வாங்கி முன்சக்கரத்தில் போட்டிருக்கிறோம். அதன் சாவியை எங்கே மாட்டுவது என்று அப்பா கேட்டார், ஷூ ஸ்டாண்ட் பக்கம் கையைக் காட்டாதீர்கள் என்று அம்மா உள்ளே இருந்து சொன்னாள்.